குடிப்பதும் உணவே: பானப் பழக்கமும் உடற்பருமன், நீரிழிவுத் தடுப்பும்

1. கணக்கில் வராத உணவு

தாய்ப்பால் பருவம் கடந்த மனிதனுக்குக் கட்டாயம் வேண்டிய பானம் தண்ணீர் ஒன்றுதான். டீ, காபி, சர்பத், குளிர்பானம், பழச்சாறு, மது எல்லாம் சுவைக்காகவும் சுறுசுறுப்புக்காகவும் விருந்தோம்பலுக்காகவும் பிறகு வந்து சேர்ந்தவை. அவற்றில் பல சர்க்கரையைச் சுமந்து வருகின்றன. உணவாகவே உடலுக்குள் போகும் இவை, குடிப்பவரின் கணக்கில் மட்டும் உணவாகப் பதிவதில்லை.

காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று மருத்துவர் கேட்டால், "நாலு இட்லி" என்று பதில் வரும். இட்லிக்கு முன் குடித்த காபி, பதினொரு மணி டீ, வெயிலுக்கு வாங்கிய ரோஸ்மில்க், மாலையில் நண்பரோடு நின்று குடித்த இன்னொரு டீ ஆகியவை அந்தப் பதிலில் வருவதில்லை. மறைக்க வேண்டும் என்ற எண்ணம் யாருக்கும் இல்லை. குடித்ததைச் சாப்பாடாக நினைக்கும் வழக்கமே இல்லை என்பதுதான் காரணம்.

டீக்கடையில் நடப்பதைக் கிட்டே நின்று பார்த்தால் கணக்கு தெளிவாகும். மாஸ்டர் கண்ணாடி கிளாஸை எடுத்து, முதலில் சர்க்கரையைப் போடுகிறார். அதன் மேல் டிகாக்‌ஷனும் பாலும் விழுகின்றன. ஓர் ஆற்று ஆற்றியதும் சர்க்கரை கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிடுகிறது. கிளாஸுக்கு இரண்டு கரண்டி, கரண்டிக்கு ஏறத்தாழ 5 கிராம் என்று வைத்தால் ஒரு டீக்கு 10 கிராம். நாளுக்கு நான்கு டீ குடிப்பவர் டீயிலேயே 40 கிராம் சர்க்கரை எடுத்துக்கொள்கிறார். மாதத்துக்கு அது 1.2 கிலோ, ஆண்டுக்கு 14.6 கிலோ. ஒரே ஆளுக்கு, டீக்கு மட்டும், இவ்வளவு பெரிய சுமை.

உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உணவில் சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாற்றுச் சர்க்கரை ஆகியவற்றிலிருந்து வரும் ஆற்றல் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. 5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் கூடுதல் நன்மை என்றும் சொல்கிறது. நாளுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு முதல் எல்லை 50 கிராம், இரண்டாவது எல்லை 25 கிராம். நான்கு டீ குடித்தவர், இனிப்பு எதையும் கையில் தொடாமலே இரண்டாவது எல்லையைத் தாண்டி, முதல் எல்லையை நெருங்கிவிடுகிறார்.

2. நீரிழிவும் தாகமும்

நீரிழிவு என்ற சொல், உடலிலிருந்து நீர் மிகுதியாக இழிவதை, அதாவது இறங்கிப் போவதைக் குறிப்பது. நோயின் அடையாளமே பெயராக அமைந்திருக்கிறது. இரத்தத்தில் குளுக்கோஸின் அளவு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டும்போது, சிறுநீரகத்தால் அதை முழுவதும் திரும்ப உறிஞ்ச முடிவதில்லை. மிஞ்சிய குளுக்கோஸ் சிறுநீரில் இறங்குகிறது. இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அடிக்கடி சிறுநீர், வறண்ட நாக்கு, தீராத தாகம் என்பது இதன் தொடர்ச்சி.

இங்கே ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. தனக்கு நீரிழிவு வந்திருப்பதை அறியாத ஒருவர், அந்தத் தாகத்தை வெயில் தாகம் என்று எண்ணிக் குளிர்பானத்தாலோ கரும்புச்சாற்றாலோ தணிக்கப் பார்க்கிறார். குடித்த சர்க்கரை இரத்தத்தில் ஏறுகிறது. சிறுநீர் இன்னும் பெருகுகிறது. தாகம் முன்னைவிடக் கூடுகிறது. வழக்கத்துக்கு மாறான தாகமும், இரவில் பலமுறை எழும் நிலையும், காரணமற்ற எடைக்குறைவும் இருந்தால் முதலில் செய்ய வேண்டியது இரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றில் 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்பது நீரிழிவின் எல்லை. வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை என்பது முன்நீரிழிவு நிலை. திரும்பி வர வழியுள்ள நிலை அது.

நீரிழிவில் முதல் வகை, உடலின் தற்காப்பு மண்டலம் கணையத்தின் இன்சுலின் சுரக்கும் செல்களை அழிப்பதால் வருவது; குடிக்கும் பானத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. பெரும்பாலோரைத் தாக்கும் இரண்டாவது வகையே உடல் எடை, உணவு, உழைப்பின்மை, பரம்பரை ஆகியவற்றோடு பின்னியது. இந்த உரையின் பொருள் அந்த இரண்டாவது வகைதான்.

3. திரவச் சர்க்கரை உடலுக்குள் செய்வது

ஒரே அளவு சர்க்கரை திட உணவில் வருவதும் திரவத்தில் வருவதும் உடலுக்கு ஒன்றல்ல. மெல்லும் உணவு வாயிலும் இரைப்பையிலும் நேரம் எடுக்கிறது. நார்ப்பொருள் இருந்தால் சர்க்கரை மெல்ல மெல்லவே இரத்தத்தில் சேருகிறது. வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போகிறது. பானம் இந்த நிலைகளையெல்லாம் விரைவாகக் கடந்துவிடுகிறது. வயிறு நிறைந்ததாக உடல் உணர்வதில்லை. ஆகவே குடித்த கலோரிக்கு ஈடாக அடுத்த வேளைச் சாப்பாடு குறைவதும் இல்லை.

அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் டிமெக்லியோவும் மேட்ஸும் 2000-இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வு இதை எளிமையாகக் காட்டியது. 15 பேருக்கு நான்கு வாரம், நாளுக்கு 450 கலோரி அளவுக்கு ஜெல்லி மிட்டாய் கொடுத்தனர். வேறொரு நான்கு வாரம் அதே 450 கலோரியைச் சோடா பானமாகக் கொடுத்தனர். மிட்டாய் தின்ற காலத்தில் அவர்கள் தாமாகவே மற்ற உணவைக் குறைத்துக்கொண்டனர். பானம் குடித்த காலத்தில் அப்படிக் குறைக்கவில்லை, எடை கூடியது.

அடுத்தது கல்லீரலின் பங்கு. வெள்ளைச் சர்க்கரையின் ஒவ்வொரு மூலக்கூறும் குடலில் பிரிந்து ஒரு குளுக்கோஸ், ஒரு ஃபிரக்டோஸ் ஆகிறது. குளுக்கோஸ் இரத்தத்தில் ஏறி இன்சுலினைத் தூண்டுகிறது. ஃபிரக்டோஸின் பெரும்பகுதி கல்லீரலுக்குச் செல்கிறது. ஒரே மூச்சில் ஒரு பாட்டில் பானம் இறங்கும்போது, கல்லீரல் அந்த வேகத்தைத் தாங்க இயலாமல் மிகுதியைக் கொழுப்பாக மாற்றுகிறது. அந்தக் கொழுப்பு கல்லீரலிலேயே தங்கினால் கொழுப்புக் கல்லீரல். இரத்தத்தில் கலந்தால் டிரைகிளிசரைடு உயர்வு. கொழுப்பு படிந்த கல்லீரல் இன்சுலினின் கட்டளைக்கு மெத்தனமாகவே பணிகிறது. இன்சுலின் எதிர்ப்பு என்று மருத்துவர்கள் சொல்லும் அந்த நிலையே இரண்டாம் வகை நீரிழிவின் வாசல்.

4. ஆய்வுகள் தரும் சான்று

அமெரிக்கச் செவிலியர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2004-இல் வெளிவந்தது. 91,249 பெண்களை எட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்ததில், நாளுக்கு ஒன்று அல்லது அதற்கு மேல் சர்க்கரைப் பானம் குடித்தவர்களுக்கு, மாதத்துக்கு ஒன்றுக்கும் குறைவாகக் குடித்தவர்களைவிட நீரிழிவு ஆபத்து 83 விழுக்காடு கூடுதலாக இருந்தது. எடை வேறுபாட்டைக் கணக்கில் கழித்த பிறகும் அந்த ஆபத்து முழுவதும் மறையவில்லை. 2010-இல் மாலிக் குழுவினர் பல ஆய்வுகளைச் சேர்த்து, 3,10,819 பேரின் தரவைத் தொகுத்தனர். நாளுக்கு ஒன்று இரண்டு சர்க்கரைப் பானம் குடிப்பவர்களுக்கு நீரிழிவு ஆபத்து 26 விழுக்காடு கூடுதல் என்பது அத்தொகுப்பின் முடிவு.

இவை மக்களின் பழக்கத்தைக் கவனித்துப் பதிவு செய்த ஆய்வுகள். சர்க்கரைப் பானம் குடிப்பவர்களிடம் வேறு தீய பழக்கங்களும் இருந்திருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. அந்தக் கேள்விக்கு நெதர்லாந்தில் நடந்த சோதனை பதில் தந்தது. 4 வயது 10 மாதம் முதல் 11 வயது 11 மாதம் வரையுள்ள 641 குழந்தைகளை இரு பிரிவாகப் பிரித்து, 18 மாதம் ஒரு பிரிவுக்கு நாளுக்கு 250 மில்லி சர்க்கரைப் பானமும், மற்றதற்குச் சுவையில் வேறுபாடு தெரியாத சர்க்கரையற்ற பானமும் கொடுத்தனர். முடிவு 2012-இல் வெளிவந்தது. சர்க்கரைப் பானம் குடித்த குழந்தைகளின் எடை சராசரியாக 7.37 கிலோ கூடியது. மற்றவர்களின் எடை 6.35 கிலோ கூடியது. ஒரு கிலோ வேறுபாடு. நாளுக்கு ஒரே ஒரு சிறிய பானத்தால் வந்தது அது.

தமிழ்நாட்டிலிருந்தும் ஒரு வலுவான சான்று உண்டு. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முடிவுகள் 2006-இல் வெளியாயின. நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேர் அதில் பங்கேற்றனர். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுகளில் 55 விழுக்காட்டினர் நீரிழிவாளர் ஆயினர். சர்க்கரையைத் தவிர்த்து, நார் மிகுந்த உணவு உண்டு, நடைப்பயிற்சி செய்தவர்களில் அது 39.3 விழுக்காடு. மாத்திரை மட்டும் எடுத்த பிரிவும் ஏறத்தாழ இதே பயனைத்தான் பெற்றது. பானத்தை மட்டும் தனியே சோதித்த ஆய்வு அல்ல இது. ஆனால் அன்றாடப் பழக்கத்தை மாற்றினால் இந்த மண்ணிலேயே நீரிழிவைத் தள்ளிப்போட முடியும் என்பதை நிறுவியது.

5. ஒல்லியான உடலிலும் மறைந்திருக்கும் கொழுப்பு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, 2023-இல் வெளியானபோது, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 13.6 கோடிப் பேருக்கு முன்நீரிழிவும் இருப்பதாக மதிப்பிட்டது. வயது வந்தோரில் 11.4 விழுக்காடு நீரிழிவாளர். புதுச்சேரியில் அது 26.3 விழுக்காடு, அதாவது நால்வரில் ஒருவர். உடல் முழுவதும் பருத்தவர்கள் 28.6 விழுக்காடு என்றால், வயிறு பருத்தவர்கள் 39.5 விழுக்காடு.

கடைசி இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளியில்தான் தெற்காசிய உடலின் இயல்பு தெரிகிறது. கை கால் ஒல்லியாகவும் வயிறு மட்டும் முன்தள்ளியும் இருப்பவரைக் குண்டர் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அவர் வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிக் கொழுப்பு தங்கியிருக்கிறது. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யட்கினும் 2004-இல் லான்செட் இதழில் தங்கள் உடல்களையே அருகருகே வைத்துக் காட்டினர். இருவரின் உடல் நிறைக் குறியீடும் 22.3. யட்கினின் உடற்கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கினுடையது 21.2 விழுக்காடு. எடை பார்க்கும் கருவி இருவரையும் ஒன்றாகத்தான் காட்டும்.

எனவேதான் இந்தியருக்கான அளவுகள் கடுமையாக வகுக்கப்பட்டன. உடல் நிறைக் குறியீடு 23-ஐத் தொட்டால் மிகை எடை. 25-ஐத் தொட்டால் பருமன். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள்ளும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். ஒல்லியாக இருப்பவர் தாராளமாகச் சர்க்கரை குடிக்கலாம் என்ற நம்பிக்கைக்கு இந்த உடலமைப்பு இடம் தருவதில்லை.

6. அன்றாடப் பானங்கள்: ஒவ்வொன்றாக

*டீயும் காபியும்.* தேயிலையும் காபிக்கொட்டையும் நீரிழிவை வரவழைப்பதில்லை. சொல்லப்போனால், காபி குடிப்பவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு குறைவாக வருவதைப் பல நீண்டகாலக் கவனிப்பு ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. கேடு அதில் விழும் சர்க்கரையிலும், குடிக்கும் எண்ணிக்கையிலும் இருக்கிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாளுக்குக் காஃபீன் 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்றும், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம் என்றும் கூறுகிறது. அவற்றிலுள்ள டானின், உணவின் இரும்புச் சத்தைப் பற்றிக்கொள்வதே இரண்டாவது அறிவுரைக்குக் காரணம். இரத்தசோகை மிகுந்த பெண்களுக்கு இது முக்கியம்.

*குளிர்பானம்.* சர்க்கரை சேர்த்த குளிர்பானங்கள் பலவற்றில் 100 மில்லிக்கு 10 முதல் 11 கிராம் சர்க்கரை உண்டு. 250 மில்லி பாட்டிலில் ஐந்து கரண்டிக்கு மேல். 600 மில்லி பாட்டிலில் பன்னிரண்டு கரண்டிக்கு மேல். அவ்வளவு சர்க்கரையைச் சாதாரணத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் ஒருவராலும் குடிக்க முடியாது. குளிர்ச்சியும், வாயுவும், புளிப்பும் அந்தத் திகட்டலை மறைத்துவிடுகின்றன. பன்னீர் சோடாவும் கலர் சோடாவும் ஊர்ப் பெயர் பெற்றவை என்பதால் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்பவை அல்ல.

*பழச்சாறு.* ஒரு தம்ளர் சாத்துக்குடிச் சாற்றுக்கு மூன்று நான்கு பழம் பிழிகிறார்கள். நாரெல்லாம் சக்கையோடு குப்பைக்குப் போகிறது. சர்க்கரை மட்டும் தம்ளரில் சேருகிறது. கடையில் அதன் மேல் மேலும் சர்க்கரை விழுகிறது. அமெரிக்காவில் 1,87,382 பேரைக் கவனித்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. வாரத்துக்கு மூன்று முறை பழச்சாறு குடிப்பதை விட்டு முழுப் பழம் தின்றால் நீரிழிவு ஆபத்து 7 விழுக்காடு குறையும் என்பது அதன் கணிப்பு. பழத்தைக் கடித்துத் தின்பதே முறை.

*கரும்புச்சாறும் பதநீரும்.* கரும்புச்சாற்றில் நூற்றில் 13 முதல் 15 பங்கு சர்க்கரை; குளிர்பானத்தைவிட இது அதிகம். பதநீரிலும் சர்க்கரை கணிசம். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் ஆகியவற்றில் சிறிதளவு தாதுக்கள் உண்டு என்பது உண்மை. ஆயினும் அவற்றின் பெரும்பகுதி சர்க்கரைதான். இரத்தச் சர்க்கரையை அவையும் ஏற்றுகின்றன. கருப்பட்டிக் காபி என்பதால் நீரிழிவாளர் இரண்டாவது தம்ளர் குடிக்கலாம் என்பது தவறான ஆறுதல்.

*இளநீர்.* 100 மில்லியில் மூன்று நான்கு கிராம் அளவுக்கே சர்க்கரை; பொட்டாசியம் நிறைய. வெயிலில் உழைப்பவருக்கு நல்ல பானம். நீரிழிவாளரும் அளவறிந்து எப்போதாவது குடிக்கலாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியமே ஆபத்தாகும் என்பதால் அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

*நீர்மோர்.* தமிழ்நாட்டுக் கோடைக்கு இதைவிடப் பொருத்தமான பானம் இல்லை. தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுத்த மோரில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் ஊற்றி, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தட்டிப் போட்டு, ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்தால் தாகம் தணிகிறது. சர்க்கரை மிகக் குறைவு. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் குறைத்துக்கொண்டால் போதும். சித்திரை வெயிலில் கோயில் வாசலிலும் தெருமுனையிலும் நீர்மோர்ப் பந்தல் போட்ட வழக்கம், பொதுநலத்துக்கு ஓர் ஊர் தானே கண்ட வழி.

*குழந்தைகளுக்கான மால்ட் பொடிகள்.* "சத்துப் பானம்" என்ற பெயரில் விற்கும் பல பொடிகளில் சர்க்கரை முக்கியப் பங்கு. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் "ஹெல்த் டிரிங்க்" என்ற வகையே இல்லை என்று எடுத்துக்காட்டிய ஒன்றிய வணிக அமைச்சகம், அந்தப் பிரிவிலிருந்து இப்பானங்களை நீக்கும்படி இணைய வணிக நிறுவனங்களுக்கு 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பழச்சாறும் சர்க்கரைப் பானமும் வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் கழகத்தின் அறிவுரை.

*ஓ.ஆர்.எஸ்.* வயிற்றுப்போக்கில் உயிர்காக்கும் இக்கரைசலில், உலகச் சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி, லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ் மட்டுமே இருக்க வேண்டும். அதே எழுத்துகளைப் பெயரில் ஒட்டிக்கொண்டு இனிப்புப் பானங்கள் மருந்துக்கடையில் விற்றதை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடுத்தது. ஓ.ஆர்.எஸ். ஒரு மருந்து, அன்றாடத் தாகத்துக்கானது அல்ல.

*செயற்கை இனிப்பு.* சர்க்கரைக்குப் பதிலாக இவை வரும் பானங்களில் கலோரி இல்லை. ஆனாலும் எடையைக் கட்டுப்படுத்த இவற்றை நாட வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் பரிந்துரைத்தது. நீண்டகாலத்தில் எடைக் குறைப்புக்குப் பயன் தெரியவில்லை என்பது அதன் காரணம். ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களை அந்தப் பரிந்துரை கட்டுப்படுத்தாது. நாக்கு இனிப்பை எதிர்பார்ப்பதையே குறைப்பதுதான் நிலையான வழி.

*மது.* ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி. சர்க்கரையில் 4 தான். 60 மில்லி விஸ்கியிலோ பிராந்தியிலோ ஏறத்தாழ 140 கலோரி. அதில் ஊற்றும் குளிர்பானமும், தொட்டுக்கொள்ளும் வறுவலும் தனிக் கணக்கு. ஆல்கஹாலை எரிக்கும் வேலையில் இறங்கிய கல்லீரல் கொழுப்பை எரிப்பதை நிறுத்திவைக்கிறது. இன்சுலினோ சில வகை நீரிழிவு மாத்திரைகளோ எடுப்பவர் வெறும் வயிற்றில் குடித்தால் இரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். குடிமயக்கம் என்று மற்றவர்கள் விட்டுவிடும் அபாயமும் உண்டு. நலம் தரும் மது அளவு என்று ஒன்றைப் பரிந்துரைக்க மருத்துவத்தில் இடமில்லை.

7. தண்ணீர்

பெரியவர் ஒருவர் நாளுக்குச் சுமார் 2 லிட்டர், அதாவது எட்டுத் தம்ளர் தண்ணீர் குடிப்பது பொதுவான அளவு. வயல், கட்டடவேலை, செங்கல் சூளை போன்ற இடங்களில் வியர்வை சிந்துபவருக்கு அதைவிட மிகுதியாக வேண்டும். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு, அடர்மஞ்சளானால் குறைவு. இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு அளவை மருத்துவரே சொல்ல வேண்டும். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பாலே தண்ணீர்.

தண்ணீருக்குச் சர்க்கரையைக் கரைக்கும் மந்திரம் எதுவும் இல்லை. அதன் பயன் இரண்டு வழிகளில் வருகிறது. முதலாவது, அது இனிப்புப் பானத்தின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. தாகத்துக்குத் தண்ணீர் குடித்தவர் அந்த நேரத்தில் 100 கலோரியைத் தவிர்த்துவிட்டார். இரண்டாவது, சாப்பாட்டுக்கு முன் குடித்தால் உண்ணும் அளவைக் குறைக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில், உணவுக் கட்டுப்பாட்டில் இருந்த 55 முதல் 75 வயதினரில் ஒரு பிரிவு முக்கிய வேளை உணவு ஒவ்வொன்றுக்கும் முன் 500 மில்லி தண்ணீர் குடித்தது. 12 வாரத்தில், தண்ணீர் குடிக்காத பிரிவைவிட அவர்கள் ஏறத்தாழ 2 கிலோ கூடுதலாக எடை குறைந்தனர். 2010-இல் வெளியான முடிவு இது.

8. பழக்கத்தை மாற்றும் வழி

நாக்கு பழக்கத்துக்குக் கட்டுப்பட்டது. இரண்டு கரண்டி பழகிய நாக்குக்கு ஒரு கரண்டி முதல் வாரம் சப்பென்று இருக்கும். சில வாரங்களில் அதுவே போதுமானதாகும். அதற்குப் பிறகு பழைய டீ திகட்டும். ஆகவே ஒரேயடியாக நிறுத்த இயலாதவர் இரண்டிலிருந்து ஒன்றரை, ஒன்று, அரை என்று இறங்கலாம். டீக்கடையில் "சர்க்கரை கம்மி" என்றோ "வித்தவுட்" என்றோ சொல்வதற்குக் கூச்சம் வேண்டியதில்லை. "வித்தவுட்" என்ற சொல் எந்த டீ மாஸ்டருக்கும் விளக்கமின்றிப் புரிகிறது. சர்க்கரை வியாதிக்காரர் சொல்லும் சொல்லாக இதுவரை இருந்த அதனை, வியாதி வராமலிருக்க விரும்புபவர் சொல்லும் சொல்லாக மாற்ற வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை எளியவை. சர்க்கரை டப்பாவை மேசையில் வைக்காமல் இருப்பது, குளிர்பானப் பாட்டிலைக் குளிர்பெட்டியில் சேமிக்காமல் இருப்பது, மண்பானைத் தண்ணீரைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது, சீரகத் தண்ணீரோ நீர்மோரோ எலுமிச்சை உப்புத் தண்ணீரோ தயாராக வைத்திருப்பது. விருந்தினருக்கு உபசாரமாகக் கேட்காமலே சர்க்கரை போட்டுக் கொடுப்பதைவிட, "சர்க்கரை போடலாமா?" என்று கேட்டுக் கொடுப்பது அன்பில் குறைந்ததல்ல. பாக்கெட் பானம் வாங்கும்போது முன்பக்கத்துப் பழப் படத்தைப் பார்க்காமல், பின்பக்க அட்டவணையில் 100 மில்லிக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்பதைப் பார்த்து, பாட்டிலின் மில்லி அளவோடு பெருக்கி நூறால் வகுக்க வேண்டும். வருவதை ஐந்தால் வகுத்தால் கரண்டிக் கணக்கு கிடைக்கும்.

சர்க்கரையைக் குறைக்கும் இந்த விதிக்கு ஒரு முக்கிய விலக்கு உண்டு. இன்சுலினோ மாத்திரையோ எடுக்கும் நீரிழிவாளருக்கு இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கி, வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் அப்போது சர்க்கரைதான் மருந்து. 15 கிராம், அதாவது மூன்று கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்துப் பார்க்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

9. பள்ளியும் அரசும்

தனிமனித உறுதியை மட்டும் நம்பி இந்தக் காரியத்தை விட்டுவிட முடியாது. பள்ளி வாசலில் குளிர்பானம் எளிதாகவும் நல்ல தண்ணீர் அரிதாகவும் இருந்தால் குழந்தை குளிர்பானத்தைத்தான் குடிக்கும். பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த உணவுகளை விற்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை. சி.பி.எஸ்.இ. 2025-இல் தன் பள்ளிகளில் "சர்க்கரைப் பலகை" வைக்கச் சொன்னது. எந்தப் பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்பதைக் குழந்தை கண்ணால் காண அது உதவும். கேரளப் பள்ளிகளில் 2019-இல் பரவிய "வாட்டர் பெல்" முறையில் தண்ணீர் குடிக்கவே தனி மணி அடிக்கிறது. மணி அடித்தால் போதாது. குடிக்கத் தகுந்த குழாயும், பெண் குழந்தைகள் தயங்காமல் போகக்கூடிய கழிப்பறையும் இருந்தால்தான் அவர்கள் குடிப்பார்கள்.

வரியும் ஒரு கருவி. மெக்சிகோ 2014 ஜனவரியில் சர்க்கரைப் பானத்துக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி விதித்தது; வரி இல்லாவிட்டால் எதிர்பார்க்கக்கூடிய அளவைவிட, மக்கள் அவற்றை வாங்கியது அந்த ஆண்டு 5.5 விழுக்காடும் அடுத்த ஆண்டு 9.7 விழுக்காடும் குறைவாக இருந்தது. பிரிட்டன் 2018 ஏப்ரலில் கொண்டுவந்த வரி 100 மில்லிக்கு 5 கிராம், 8 கிராம் என்று இரு படிகள் கொண்டது. வரியைத் தவிர்க்க உற்பத்தியாளர்களே சர்க்கரையைக் குறைத்தனர். இலங்கை 2016-இல் பானங்களுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக் குறியீட்டைக் கட்டாயமாக்கி, அடுத்த ஆண்டு சர்க்கரையின் கிராம் கணக்கில் வரியும் விதித்தது. இந்தியாவில் வாயு ஏற்றிய பானங்களுக்கு 40 விழுக்காடு வரி உண்டு. ஆனால் சர்க்கரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே வரி என்பதால், சர்க்கரையைக் குறைக்க உற்பத்தியாளருக்கு அதில் தூண்டுதல் இல்லை. சர்க்கரை அளவைப் பொறுத்த வரியே பயன் தரும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் களப்பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்து மாத்திரை தருகின்றனர். "ஒரு நாளைக்கு எத்தனை டீ, எத்தனை கரண்டிச் சர்க்கரை?" என்ற ஒரு கேள்வியையும் அந்தச் சந்திப்பில் கேட்டுக் குறித்துக்கொண்டால், செலவின்றி ஒரு தடுப்பு வேலை நடக்கும்.

10. நிறைவு

நீரிழிவுக்குப் பரம்பரை, வயது, உழைப்பின்மை, அரிசி மிகுந்த உணவு, தூக்கக் குறைவு என்று பல காரணங்கள் உண்டு. பானத்தை மட்டும் திருத்தினால் நோய் ஒழிந்துவிடாது. ஆனால் அந்தக் காரணங்களில் பரம்பரையையும் வயதையும் யாராலும் மாற்ற முடியாது. சாப்பாட்டு முறையை மாற்றக் குடும்பமே ஒத்துழைக்க வேண்டும். நடைக்கு நேரம் வேண்டும். குடிக்கும் பானத்தை மாற்றுவதற்கு இவை எதுவும் வேண்டியதில்லை. செலவும் குறையவே செய்கிறது.

வீட்டுக்கு வருபவருக்கு முதலில் ஒரு செம்பு தண்ணீர் கொடுப்பது தமிழர் வழக்கம். டீயும் குளிர்பானமும் அந்தச் செம்பை இன்று பின்னுக்குத் தள்ளியிருக்கின்றன. அது மீண்டும் முன்னே வரட்டும். தாகத்துக்குத் தண்ணீர், வெயிலுக்கு மோர், டீக்குச் சர்க்கரை இல்லை அல்லது அரைக் கரண்டி, இனிப்புப் பானம் விசேஷ நாளுக்கு மட்டும் என்ற ஒழுங்கை ஒவ்வொரு வீடும் நாளைக் காலைக் காபியிலிருந்தே தொடங்க வேண்டும்.